மல்லாக்கக் கிடப்பவர் எழுந்து நிற்பது எப்படி: தரைச் சண்டையில் அமுக்குப்பிடியிலிருந்து விடுபட ஒரு முழுமையான வழிகாட்டி

தரையில் கிடக்கும் நிலையைச் சொல்லத் தமிழில் மூன்று சொற்கள் அன்றாடம் புழங்குகின்றன: மல்லாக்க, குப்புற, ஒருக்களித்து. பிரேசிலிய ஜியு ஜித்சு, ஜூடோ, எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கலப்புச் சண்டை) ஆகிய கலைகளில் கீழே அமுக்கப்பட்டவர் செய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்த மூன்று சொற்களுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மல்லாக்கக் கிடந்தால் மேலே இருப்பவரின் எடை முழுவதும் மார்பில் இறங்குகிறது; இரண்டு தோள்களும் இடுப்பும் தரையோடு ஒட்டிக்கொள்வதால் எந்தப் பக்கமும் நகர முடிவதில்லை. குப்புறக் கவிழ்ந்தால் முதுகு எதிராளியின் வசமாகிறது; பின்னாலிருந்து கழுத்தை நெரிக்க அவருக்கு அதைவிட வசதியான நிலை வேறு கிடைக்காது. ஒருக்களித்துப் படுத்தவருக்குத்தான் இடுப்பு அசைகிறது, முழங்கால் உள்ளே நுழைகிறது, முழங்கையை ஊன்றி எழவும் வழி பிறக்கிறது.

ஆகவே மேலே இருப்பவரைத் தூக்கி எறிவது எப்படி என்று இந்த வழிகாட்டி சொல்லப்போவதில்லை. எழுபது கிலோ எடையுள்ளவர் தொண்ணூறு கிலோ எடையுள்ளவரைத் தன் மார்பிலிருந்து கைவலுவால் தள்ளிவிட முடியாது; முயன்றால் அரை நிமிடத்தில் மூச்சு வாங்கும். எதிராளி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், நாம் அவருக்கு அடியிலிருந்து நழுவி வெளியேறுவோம் என்பதே இங்கே விளக்கப்படும் முறை. சில மாதங்களாவது பயிற்சி பெற்று, விழும் முறையையும் தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டும் வழக்கத்தையும் அறிந்தவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

எந்த விதியின்கீழ் ஆடுகிறீர்கள்?

விடுபடும் வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். ஜூடோவில் மல்லாக்க அமுக்கப்பட்டவர் 20 விநாடிகள் அப்படியே கிடந்தால் இப்பொன், அதாவது ஆட்டம் முடிந்துவிடும். 10 விநாடிகளைத் தாண்டினாலே எதிராளிக்கு வஸாரி, அதாவது இப்பொன்னுக்கு அடுத்த நிலை மதிப்பு, கிடைக்கும். ஆனால் கீழே இருப்பவர் எதிராளியின் ஒரு காலைத் தன் இரு கால்களுக்கு இடையில் சிக்கவைத்துவிட்டால் நடுவர் "தோகெதா" என்று அறிவித்துக் கணக்கை நிறுத்திவிடுவார். ஜூடோ ஆடுபவருக்கு முழு விடுதலைகூடத் தேவையில்லை, ஒரு கால் அகப்பட்டால் போதும். மல்யுத்தத்தில் இரண்டு தோள்களும் தரையில் பட்டு நடுவர் அதைக் கண்டுகொண்டால் தோல்வி. நம் ஊர்க் குஸ்திக் கோதாவிலும் ஆளை மல்லாத்துவதுதான் வெற்றி. ஆகவே மல்யுத்த வீரர் ஆபத்து வந்ததும் குப்புறக் கவிழ்வார், அவருக்கு அது சரியான முடிவு. அதே பழக்கத்தோடு ஜியு ஜித்சு வகுப்புக்கு வருபவர் முதல் மாதம் முழுவதும் முதுகைக் கொடுத்துக் கழுத்து நெரிபடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஜியு ஜித்சுவில் அமுக்குப்பிடிக்குக் கால வரம்பு கிடையாது. மேலே ஏறி அமரும் மவுன்ட் நிலைக்கு 4 புள்ளிகள், வயிற்றில் முழங்காலை ஊன்றும் நிலைக்கு 2 புள்ளிகள் என்று எதிராளி சேர்த்துக்கொண்டே போவார்; எனினும் கீழே இருப்பவருக்கு யோசிக்க நேரம் உண்டு. எம்எம்ஏயில் அந்த நேரமும் கிடையாது, ஏனென்றால் குத்து விழும். அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் கீழே இருப்பவர் விடுபட்டு எழுந்தாலே 1 புள்ளி என்பதால், அங்கே வளர்ந்தவர்கள் பள்ளிப் பருவத்திலிருந்தே எழுந்து நிற்பதைத் தனிக் கலையாகப் பயில்கிறார்கள். எம்எம்ஏ கூண்டுக்குள் அவர்களைத் தரையில் நெடுநேரம் கிடத்தி வைப்பது கடினமாக இருப்பதற்கு இந்தப் பயிற்சி ஒரு முக்கியக் காரணம்.

முட்டுக்கொடுத்தல்

ஆங்கிலத்தில் ஃபிரேம் என்று பயிற்றுநர்கள் சொல்வதற்குத் தமிழில் முட்டு என்ற சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. கான்கிரீட் தளம் போடும்போது சென்ட்ரிங் பலகைகளுக்கு அடியில் சவுக்குக் கம்புகளை நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கம்பு தளத்தை மேலே தள்ளுவதில்லை, நேராக நிற்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. எடை கம்பின் வழியாகத் தரைக்கு இறங்கிவிடுகிறது. கம்பு சற்றே சாய்ந்தாலும் எல்லாம் போயிற்று.

முன்கையின் எலும்பு அந்தக் கம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையால் தள்ளினால் மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று மூன்று மூட்டுகளையும் தசை தாங்க வேண்டியிருக்கும். முன்கையை எதிராளியின் கழுத்திலோ இடுப்பெலும்பிலோ பதித்து முழங்கையை உங்கள் விலாவோடு நெருக்கி வைத்துக்கொண்டால் எலும்பே தாங்கிக்கொள்ளும். முழங்கை விலாவை விட்டு விலகும் கணத்தில் முட்டு பலவீனமாகிறது என்பதோடு, கையையே பறிகொடுக்கும் ஆபத்தும் வருகிறது. பயிற்சியின் முதல் ஆண்டில், மேலே கிடந்த பெரிய உடல்காரரின் மார்பை இரு கைகளையும் நீட்டித் தள்ளினேன். அவர் அவசரமே இல்லாமல் என் வலது கையை அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தார், முழங்கை நரம்பு இரண்டு வாரம் வலித்தது. நீட்டிய கை எதிராளிக்குக் கொடுத்த கை.

மடக்கிய கைக்கும் இந்த ஆபத்து உண்டு, அது விலாவை விட்டு விலகியிருந்தால். 1951 அக்டோபரில் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா, பிரேசிலிய ஜியு ஜித்சுவின் முன்னோடியான ஹெலியோ கிரேசியைத் தரையில் அமுக்கிவைத்து, அங்கிருந்தே கையை முறுக்கும் பூட்டைப் போட்டு வென்றார். ஜியு ஜித்சு உலகில் அந்தப் பூட்டுக்கு இன்றும் கிமுரா என்றுதான் பெயர். அமுக்குப்பிடி பெரும்பாலும் அடுத்து வரப்போகும் ஒன்றுக்கான காத்திருப்பு என்பதை அந்த ஆட்டம் காட்டுகிறது.

பக்கவாட்டு அமுக்கு: சைடு கன்ட்ரோல்

எதிராளி உங்கள் வலப்பக்கத்தில் மண்டியிட்டு, தன் மார்பை உங்கள் மார்பின்மேல் குறுக்காகப் போட்டிருக்கிறார் என்று கொள்வோம். அவருடைய இடக்கை உங்கள் தலைக்கு அடியில் சென்றிருக்கும்; அந்தத் தோள் உங்கள் வலது தாடையை அழுத்தி முகத்தை இடப்புறம் திருப்பிவிடப் பார்க்கும். வலக்கை உங்கள் இடது அக்குளுக்கு அடியில் நுழைந்திருக்கும் அல்லது இடது இடுப்பை அணைத்திருக்கும். தாடையில் ஏறும் அந்தத் தோள் வெறும் தொல்லைக்காக வைக்கப்பட்டதல்ல. முகம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ முதுகெலும்பும் அந்தப் பக்கமே திரும்பும். நீங்கள் அவரை நோக்கி ஒருக்களிக்க வேண்டும், அவரோ உங்கள் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிவைத்திருக்கிறார்.

முதலில் மூச்சு. மார்பு அழுந்தியிருக்கும்போது ஆழமாக மூச்சிழுக்க முயன்றால் பதற்றம்தான் கூடும். வயிற்றால் சின்னச் சின்னதாக இழுத்துவிடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு திமிறுவதுதான் புதியவர்களைச் சோர்வடையச் செய்யும் முதல் காரணம்.

அடுத்து முட்டு. இடது முன்கையை எதிராளியின் தாடைக்குக் கீழே, கழுத்துக்குக் குறுக்காகக் கொண்டுவாருங்கள். வலது முன்கையை அவருடைய இடுப்பெலும்பின் முன்பக்கத்தில் பதியுங்கள். மேலே உள்ள முட்டு அவர் தோள் தாடைமேல் ஏறாமல் தடுக்கிறது; கீழே உள்ளது அவர் இடுப்பு உங்கள் இடுப்போடு ஒட்டாமல் தடுக்கிறது. இவை இரண்டும் நிலைகொள்ளும்வரை வேறு எதையும் தொடங்காதீர்கள். எதிராளியின் மார்பு முழுதாக இறங்கிய பிறகு முட்டை நுழைப்பது, வெள்ளம் வந்த பிறகு கரை கட்டுவதைப் போன்றது. கடைசி நொடியில் அவர் உங்கள் கார்டை, அதாவது கீழே இருப்பவர் கால்களை இடையில் வைத்துத் தடுக்கும் நிலையை, தாண்டி வரும்போதே கைகளை உள்ளே வைத்துவிட்டால் பாதி வேலை குறையும்.

மூன்றாவதாக, எம்புதல். குதிகால்களைப் பிட்டத்துக்கு அருகில் இழுத்து, பாதங்களை ஊன்றி, இடுப்பை எம்புங்கள். நேர் மேலே எம்பாமல், அவர் இருக்கும் பக்கமாக, உங்கள் வலது தோளின்மேல் சாய்ந்து எம்ப வேண்டும். கழுத்தால் உடலைத் தாங்காதீர்கள்; எடை தோளில் இருக்கட்டும். இந்த எம்பலால் அவர் கவிழப்போவதில்லை. அவருடைய எடை ஒரு கணம் மேலே எழும், உங்கள் உடல் திரும்பக் கீழே இறங்கும், முட்டுகளோ இருந்த இடத்திலேயே இருக்கும். அந்தக் கணத்தில் இரு உடல்களுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி பிறக்கிறது. இந்த இடைவெளிக்காகத்தான் எம்பினோம்.

நான்காவதாக, இறால் அசைவு. வகுப்புகளில் ஷிரிம்ப் என்று சொல்லப்படும் இதற்கு ஜப்பானியர்களும் இறால் என்ற பெயரையே வைத்திருக்கிறார்கள். பார்த்தால் ஏன் என்று புரியும். இடது பாதத்தால் தரையை உதைத்து இடுப்பை இடப்புறமாகப் பின்னுக்குத் தள்ளி, வலது விலாவின்மேல் ஒருக்களியுங்கள். இடுப்புதான் நகர வேண்டும். தலையும் தோளும் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். எம்பி முடித்து, இளைப்பாறி, பிறகு நகர்ந்தால் இடைவெளி மூடிவிட்டிருக்கும். எம்பிய உடல் இறங்கும்போதே இடுப்பு பின்னால் போக வேண்டும். இரண்டும் ஒரே அசைவு.

ஐந்தாவதாக, முழங்கால். வலது முழங்காலை உங்கள் வலது முழங்கைக்குக் கீழே, அவருடைய வயிற்றுக்கு முன்னால் நுழையுங்கள். அவசரக்காரர்கள் இடுப்பை நகர்த்தாமல் முழங்காலை இழுப்பார்கள். அது அவர் இடுப்பில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். இடம் போதவில்லையானால் முழங்காலோடு மல்லுக்கட்டாமல் மீண்டும் ஒருமுறை எம்பி, மீண்டும் ஒருமுறை இறாலாக நகருங்கள். உங்கள் அளவுள்ள நல்ல எதிராளியிடம் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருப்பது இயல்பே. முழங்கால் உள்ளே வந்ததும் கணைக்கால் எலும்பு மூன்றாவது முட்டாகிறது. இடது காலையும் சுற்றிக் கொண்டுவந்து பாதத்தை அவர் இடுப்பில் வைத்தால் கார்டு திரும்பக் கிடைத்துவிடும்.

முழங்காலை அவர் விடாப்பிடியாகத் தடுக்கிறார் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. முழங்காலைத் தடுப்பதற்காக அவர் இடுப்பைத் தாழ்த்தி முன்னால் சாயும்போது அவர் தலைப்பக்கப் பிடி தளரும். அப்போது இடது கையை அவருடைய வலது அக்குளுக்கு அடியில் ஆழமாக நுழைத்து, ஒருக்களித்த நிலையிலிருந்து வலது முழங்கையை ஊன்றி, முழங்கால்களில் எழுந்து, அவருடைய அருகிலுள்ள காலைக் கட்டிப்பிடியுங்கள். அக்குளுக்கு அடியில் கை நுழையாமல் இப்படி எழ முயன்றால் முதுகைக் காட்டுவீர்கள். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் அதிகம் கைகொடுத்திருக்கிறது. கார்டை மீட்டவர் இன்னும் கீழேதான் இருக்கிறார். காலைப் பிடித்தவர் பாதி எழுந்துவிட்டார்.

மவுன்ட்: மார்பில் ஏறி அமர்ந்தவர்

இங்கே இரண்டு வழிகள் உள்ளன. எதை எப்போது செய்வது என்பதை எதிராளியின் கைகள் சொல்லும். அவர் உங்கள் கழுத்தை அணைத்தோ மார்பில் கைவைத்தோ இருந்தால், அந்தக் கை அவருக்கு ஊன்றுகோலாக இல்லை, எம்பிப் புரட்டலாம். கைகளை அகலமாகத் தரையில் ஊன்றியிருந்தால் புரட்ட முடியாது. ஆனால் அவர் கைகள் தரையில் இருக்கும்வரை உங்களைத் தாக்கவும் முடியாது, முழங்கையும் முழங்காலும் கொண்டு நழுவலாம்.

புரட்டுவதற்கு, பிரேசிலியர்கள் உபா என்று அழைக்கும் முறையில், எதிராளியின் வலது கையை மணிக்கட்டிலும் முழங்கைக்கு மேலும் பிடித்து உங்கள் மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடது பாதத்தை அவருடைய வலது பாதத்துக்கு வெளியே ஊன்றிப் பூட்டுங்கள். நான்கு கால் மேசையில் ஒரே பக்கத்து இரண்டு கால்களை எடுத்துவிட்ட நிலை இது. இப்போது இடுப்பை முதலில் மேலே எம்பி, பிறகு இடது தோளின்மேலாகச் சாய்வாகப் புரளுங்கள். மேலே எம்பாமல் பக்கவாட்டில் மட்டும் உருண்டால் அவர் எடை உங்கள்மேலேயே தங்கிவிடும். கையைப் பூட்டி காலை மறந்தாலோ, காலைப் பூட்டி கையை மறந்தாலோ, அவர் அந்த மிச்சமிருப்பதை ஊன்றித் தப்பிவிடுவார். புரண்டு முடிந்ததும் நீங்கள் அவருடைய கால்களுக்கு இடையில், மேலே இருப்பீர்கள்.

நழுவுவதற்கு, ஒரு பக்கம் ஒருக்களித்து, அந்தப் பக்கத்துக் காலைத் தரையில் நீட்டித் தட்டையாகக் கிடத்துங்கள். முன்கைகளால் அவர் இடுப்பில் முட்டுக்கொடுத்து, முழங்கையால் அவர் முழங்காலைக் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே, தட்டையாகக் கிடக்கும் உங்கள் முழங்காலை அந்த இடைவெளி வழியாக மேலே இழுங்கள். ஒரு கால் வெளியே வந்ததும் அவருடைய காலைக் கொக்கிபோல் பிடித்துக்கொண்டு மறுபக்கம் திரும்பி இதையே செய்யுங்கள். தேர்ந்தவர்கள் இரண்டு வழிகளையும் கோத்துச் செய்வார்கள்: எம்பினால் எதிராளி கைகளை ஊன்றுவார், ஊன்றினால் நழுவலாம்.

எதிராளியின் முழங்கால்கள் உங்கள் அக்குள்வரை ஏறிவிட்டிருந்தால் மேற்சொன்ன எதுவும் பலிக்காது. முதலில் முழங்கைகளை மீண்டும் விலாவுக்குக் கொண்டுவர வேண்டும். சிறு சிறு எம்பல்களால் அவரை முன்னால் தள்ளாட வைத்து, தோள்களை மாற்றி மாற்றி அசைத்துத் தலைப்பக்கமாக நகர்ந்து, முழங்கைகளை ஒவ்வொன்றாக அவர் தொடைகளுக்கு அடியில் நுழைத்துக்கொள்ளுங்கள். அழகற்ற வேலைதான், ஆனால் தவிர்க்க முடியாது.

மற்ற இரண்டு

கெஸா கடாமே என்னும் கழுத்தணைப்புப் பிடியில் உங்கள் கழுத்தையும் ஒரு கையையும் எதிராளி வைத்திருப்பார். அகப்பட்ட கையின் முழங்கையைத் தரைப்பக்கமாக இழுத்து மீட்பதே முதல் வேலை. அது மீண்டால் அவரை நோக்கி ஒருக்களிக்கலாம், முடியாவிட்டால் மற்றவை எல்லாம் வீண். பிறகு அவர் இடுப்பை இரு கைகளாலும் கட்டி, உங்கள் இடுப்பை அவருக்கு அடியில் நெருக்கி எம்பி, தலைக்கு மேலாகச் சாய்வாகப் புரட்டலாம். ஜூடோவானால் அவருடைய காலைக் கொக்கியிட்டே கணக்கை நிறுத்தலாம். வயிற்றில் முழங்காலை ஊன்றுபவரிடம் அந்த முழங்காலை உள்ளங்கையால் தள்ளும் ஆசையை அடக்குங்கள். அவர் காத்திருப்பது அந்தக் கைக்காகத்தான். முன்கையை முழங்காலின் உட்பக்கம் வைத்து, அவரை நோக்கி ஒருக்களித்து இடுப்பை விலக்கினால் முழங்கால் தானே சறுக்கி இறங்கும்.

எழுந்து நிற்றல்

கார்டை மீட்டதோடு நிம்மதியடைவது ஜியு ஜித்சுக்காரர்களின் பழக்கம். அந்த ஆட்டத்தில் அது பொருந்தும். தெருவிலோ எம்எம்ஏயிலோ கார்டு ஒரு நடுவழி நிலையம், அங்கே இறங்கித் தங்கக்கூடாது.

பாதத்தை அவர் இடுப்பில் வைத்து உதைத்துத் தொலைவை உண்டாக்கிக்கொண்டு உட்காருங்கள். வலது உள்ளங்கையை உங்களுக்குப் பின்னால் ஊன்றுங்கள், விரல்கள் வெளிப்பக்கம் பார்க்கட்டும். இடது பாதத்தைத் தரையில் முழுதாகப் பதியுங்கள். இடது முழங்கை இடது முழங்காலுக்கு அருகில், கை முகத்துக்கு முன்னால் காவலாக நிற்கட்டும். ஊன்றிய கையும் பாதமும் எப்போதும் எதிரெதிர்ப் பக்கமாக இருக்க வேண்டும். ஒரே பக்கத்தவையானால் ஒரு தள்ளலில் சாய்ந்துவிடுவீர்கள். இப்போது எடையை அந்தக் கைக்கும் பாதத்துக்கும் மாற்றி இடுப்பைத் தூக்கி, விடுபட்டிருக்கும் வலது காலை உடலுக்கு அடியில் பின்னோக்கி இழுத்து, ஊன்றிய கைக்கும் பின்னால் கொண்டுபோய் வையுங்கள். கால் தரையில் நிலைகொண்ட பிறகுதான் கையை எடுக்க வேண்டும். கண்கள் தொடக்கத்திலிருந்து முடிவுவரை எதிராளிமேல் இருக்கட்டும். தரையைப் பார்த்து எழுபவர் முகத்தில் முழங்காலை வாங்கிக்கொள்வார்.

எம்எம்ஏ ஆடுபவர்களுக்கு இங்கே ஒரு விதிமாற்றம் முக்கியம். முன்பெல்லாம் கையைத் தரையில் ஊன்றியவர் தரையில் இருப்பவராகக் கருதப்பட்டு, தலையில் முழங்கால் தாக்குதலிலிருந்து காப்புப் பெற முடிந்தது. 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, கைகளையும் பாதங்களையும் தவிர உடலின் வேறொரு பகுதி தரையில் பட்டால்தான் அந்தக் காப்பு. இடுப்பைத் தூக்கிய நொடியிலிருந்து கை தரையில் இருப்பது உங்களைக் காப்பாற்றாது என்பதால், முகத்துக்கு முன்னால் நிற்கும் அந்த இடது கை அலங்காரத்துக்கானதல்ல.

குப்புறத் தள்ளப்பட்டு, மண்டியிட்ட நிலையில் எதிராளி முதுகில் ஒட்டியிருந்தால், இடுப்பைச் சுற்றியுள்ள அவர் கைகளில் ஒன்றை உங்கள் இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, ஒரு பாதத்தை முன்னால் ஊன்றி, முதுகை நிமிர்த்தி, பின்னால் அவர்மேல் சாய்ந்தவாறு எழுங்கள். குனிந்து எழுந்தால் மீண்டும் முன்னால் விழுவீர்கள். நின்றதும் பிடியைப் பிரித்து அவரை நோக்கித் திரும்புங்கள்.

பயிற்சி

விரிப்பின் நீளம் முழுவதும் இறால் அசைவில் போய்வருவது எல்லா வகுப்பிலும் உண்டு. கைகளை முட்டாக வைக்காமல் வெறுமனே நகர்ந்து போவதால் உடல் சூடேறுகிறது, அதற்குமேல் அதனால் பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதைவிட, பயிற்சிப் பங்காளி உங்களைப் பக்கவாட்டு அமுக்கில் வைத்திருக்க, இரண்டு நிமிடச் சுற்றுகளாக ஆடுங்கள்: நீங்கள் விடுபட்டால் மீண்டும் அதே நிலையிலிருந்து தொடக்கம், அவர் பூட்டுப் போட்டாலும் மீண்டும் தொடக்கம். முதல் வாரம் அவர் எடையை மட்டும் வைக்கட்டும், இரண்டாம் வாரம் பாதி வலுவோடு தடுக்கட்டும், அதன்பின் முழு வலுவோடு. ஒரு மாதத்துக்கு ஒரே அமுக்குப்பிடியை எடுத்துக்கொள்வது நல்லது.

மேலே இருப்பவரின் பொறுப்பும் உண்டு. உங்களைவிட மிகவும் எடை குறைந்தவரின் விலாவில் முழங்காலை ஊன்றித் துள்ளாதீர்கள். விலா எலும்புகளை மார்பெலும்போடு இணைக்கும் குருத்தெலும்பு பிசகினால் தும்முவதற்கே பல வாரங்கள் அஞ்ச வேண்டியிருக்கும். கீழே இருப்பவர், பூட்டுப் போடாமல் வெறும் எடையாலேயே மூச்சு முட்டினாலும் தட்டலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரு கைகளும் அகப்பட்டிருந்தால் காலால் விரிப்பை இரண்டுமுறை அடியுங்கள். அதுவும் முடியாவிட்டால் வாயால் "தட்டுகிறேன்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். சுற்று தொடங்குவதற்கு முன்பே பங்காளியிடம் இதைப் பேசிவைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவருடைய தோள் உங்கள் தாடைமேல் ஏறியிருக்கும்போது நீங்கள் சொல்வது அவருக்குத் தெளிவாகக் கேட்காது.